கீட்டனே பள்ளிக்கூடம் போகவில்லை என்று வாதாடும் பையனின் அப்பாவுக்கு

வணக்கம் சார். பிளஸ் டூ படிக்கிற மகன் காலேஜ் வேண்டாம், காமெடி நடிகன் ஆகப்போகிறேன் என்கிறான், ஏன்டா என்று கேட்டால் அந்தக் காலத்து மௌனப் படங்களின் அமெரிக்கக் காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் பள்ளிக்கூடமே போனதில்லை என்று போனில் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டுகிறான், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பையன் சொல்வது உண்மைதான். கீட்டனுக்குப் பள்ளிப் படிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அதை மறுத்துப் பேசினால் நீங்கள்தான் தோற்பீர்கள். அதனால் மறுக்காதீர்கள், மீதிக் கதையையும் எடுத்துப் பேசுங்கள்.

கீட்டன் 1895-ல் அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே மேடைக் கலைஞர்கள். வாட்வில் என்று அங்கே ஒரு மேடை வகை இருந்தது. பாட்டு, நடனம், மேஜிக், குட்டிக்கரணம், பழக்கிய நாய், ரெண்டு பேர் பேசிச் சிரிக்கவைப்பது என்று ஒரே சாயங்காலத்தில் வரிசையாக வரும், ஆளுக்குச் சில நிமிடங்கள்தான், அதற்குள் கூட்டத்தைப் பிடிக்காவிட்டால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். ஐந்து வயதிலேயே கீட்டன் பெற்றோரோடு அந்த மேடையில் இருந்தார். நிகழ்ச்சி என்னவென்றால் அப்பா பையனைத் தூக்கி எறிவார், பையன் விழுந்து எழுவான், அவ்வளவுதான். எறிவதற்கு வசதியாகச் சட்டை முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் இவர்களை விடாமல் துரத்தினார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. விழுந்து எழும்போது தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டால் கொல்லென்று சிரிக்கிறது என்பதை அந்த வயதிலேயே பிடித்துக்கொண்டார். பிற்பாடு சினிமாவில் பேர் வாங்கித் தந்த சிரிக்காத முகம் அதுதான்.

ஆகப் பள்ளிக்கூடம் போகாத அந்தப் பையன் பதினாறு வருஷத்துக்கு மேல், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்றிருக்கிறான். உங்கள் மகன் சொல்லாமல் விடுவது இந்தப் பகுதியை.

1917-ல் குடும்ப நிகழ்ச்சி உடைந்தது, காரணம் அப்பாவின் குடி. ஆளைத் தூக்கி எறிகிறவர் குடித்துவிட்டு மேடையேறினால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கீட்டனுக்கு அப்போது 21 வயது, நியூயார்க்கில் ஒரு பெரிய மேடைக் காட்சியில் வாரம் 250 டாலர் சம்பளத்துக்குத் தனியாக வாய்ப்பும் வந்துவிட்டது, அந்தக் காலத்துக்கு அது கொழுத்த பணம். அந்தச் சமயத்தில்தான் ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற நகைச்சுவை நடிகரின் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு குறும்படத்தில் சின்ன வேடம் செய்தார். நடித்ததைவிட அங்கிருந்த கேமராதான் அவரை இழுத்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார் என்பார்கள். அப்புறம் 250 டாலர் மேடையை விட்டுவிட்டு, வாரம் 40 டாலருக்கு ஆர்பக்கிளிடம் சேர்ந்துவிட்டார்.

சார், இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஆறில் ஒரு பங்குக்கும் குறைந்த சம்பளம். பெற்ற அப்பா யாராக இருந்தாலும் உனக்கென்ன பைத்தியமா என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் ஆர்பக்கிளிடம் வேலை நடந்தது கற்றுக்கொண்டே. நடிப்பு, காட்சியை யோசிப்பது, கேமராவை எங்கே வைப்பது, எங்கே வெட்டுவது என்று எல்லாமே கைக்கு வந்தது. நடுவில் 1918-ல் ராணுவத்தில் பிரான்சுக்கும் போய்வந்தார். 1920-ல் சொந்த யூனிட் வைத்துக்கொண்டு, நடிப்பும் இயக்கமும் தானே என்று குறும்படங்கள் எடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் விட்டுவந்த வாட்வில் என்ன ஆயிற்று தெரியுமா? சினிமாவும் ரேடியோவும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. அந்த உலகத்தின் உச்சி மேடை என்று பேர்போன நியூயார்க் பேலஸ் தியேட்டரே 1932-ல் சினிமாக் கொட்டகை ஆகிவிட்டது.

உங்கள் மகன் காட்டிய காட்சி அநேகமாக வீட்டு முகப்பு முழுசாக அவர்மேல் சாய்வதும், மாடி ஜன்னல் இடைவெளிக்குள் அவர் அசையாமல் நிற்பதும்தான். 1928-ல் வெளிவந்த படம், ட்ரிக் இல்லை, நிஜமான பாரம், சுற்றிலும் சில அங்குல இடம்தான். அளந்து வைத்த இடத்தில் நின்றதால்தான் பிழைத்தார். அதற்காக அவருக்கு அடிபட்டதே இல்லை என்று நினைக்க வேண்டாம்: 1924-ல் ஒரு படத்தில் தண்ணீர் கொட்டி விழுந்ததில் கழுத்தெலும்பு உடைந்தது அவருக்கே பல வருஷம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. ரீல்ஸுக்காக மாடியிலிருந்து குதிப்பேன் என்று பையன் கிளம்பினால் அதற்கு மட்டும் தயங்காமல் தடை போடுங்கள்.

சரி, இனி அவனும் உட்கார்ந்து கேட்க வேண்டிய பகுதி. கீட்டன் பெயரிலேயே தயாரிப்பு நிறுவனம் இருந்தது, ஆனால் அது அவர் கையில் இல்லை. பண விவகாரம் முழுவதையும் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் பார்த்துக்கொண்டார். ஷெங்க் அவருக்கு மனைவி வழிச் சொந்தக்காரர், அதனால் கேள்வி கேட்கவில்லை. 1928-ல் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்குப் போ என்று ஷெங்க் சொன்னார். வேண்டாம் என்று சாப்ளின் சொன்னார், அந்தக் காலத்தின் இன்னொரு பெரிய காமெடி நடிகர் ஹெரால்ட் லாய்டும் சொன்னார், ஆனாலும் கீட்டன் போனார். முதல் படம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் ஸ்கிரிப்ட்டை வேறு ஆட்கள் எழுதினார்கள், படப்பிடிப்புத் தளத்தில் யோசித்து யோசித்து எடுக்கும் அவருடைய வழக்கம் நின்றுபோனது. பேசும் படம் வந்ததால் அவர் காலியானார் என்று பலர் எழுதுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை, அந்தப் பேசும் படங்கள் வசூல் செய்தன. போனது படத்தின் மீதிருந்த பிடி. கூடவே குடி, விவாகரத்து. 1933-ல் வேலையை விட்டே அனுப்பினார்கள். வாரம் 3,000 டாலர் வாங்கிய ஸ்டூடியோவுக்கே பிறகு 100 டாலர் சம்பளத்தில் திரும்பிப் போய் மற்றவர்கள் படத்துக்குச் சிரிப்புக் காட்சி யோசித்துக் கொடுத்தார்.

ஆனால் அந்த வேலை இருந்தது, பாருங்கள். முகத்துக்கு மவுசு போனபோதும் தொழில் தெரிந்ததால் சோறு கிடைத்தது. பாரிஸ் சர்க்கஸ், 1950-ஐ ஒட்டி டிவி, விளம்பரங்கள் என்று மறுபடி ஏறி வந்தார், 1960-ல் கௌரவ ஆஸ்கார் கொடுத்தார்கள், 1966-ல் இறக்கும்வரை வேலை செய்துகொண்டுதான் இருந்தார்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பிளஸ் டூவை முடிக்கச் சொல்லுங்கள், அதில் பேரம் வேண்டாம். காலேஜ் விஷயத்தில் சண்டை போடாமல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு மாதிரி கையில் தொழில் தருகிற படிப்பாகப் பாருங்கள். தரமணி அரசு திரைப்படக் கல்லூரியின் சேர்க்கை விவரத்தை அவனையே தேடி எடுத்துவரச் சொல்லுங்கள், தேடுகிறானா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பக்கத்தில் நாடகக் குழுவோ, யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்கிற ஓப்பன் மைக் நிகழ்ச்சியோ இருந்தால் மாதம் ரெண்டு தடவையாவது தெரியாத ஆட்களின் முன்னால் ஏறட்டும். நீங்களும் போங்கள், கடைசி வரிசையில் உட்காருங்கள், அவனைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். ஆறு மாதம் அவன் விடாமல் போனால் மறுபடி எழுதுங்கள், அடுத்ததைப் பேசலாம்.

இன்னொன்று. யாராவது சேனல் ஆரம்பிக்கிறோம், தம்பி நடிக்கட்டும் என்று பேப்பர் நீட்டினால் பையனுக்கு 18 ஆகாததால் உங்களிடம்தான் கையெழுத்துக் கேட்பார்கள். வீடியோ யாருக்குச் சொந்தம், எத்தனை வருஷம் கட்டுப்படுத்தும், பாதியில் விலகினால் என்ன என்ற மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் போட்டுவிடாதீர்கள். காட்டும்போது மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.