மதேராவின் கிழக்கு முனையில் நடக்க கைடு கட்டாயமா?

கேள்வி: டிசம்பரில் அம்மா (64), 9 வயது மகனுடன் போர்ச்சுகலின் மதேரா தீவுக்குப் போகிறோம். சாவோ லொரென்சோ முனையில் கைடு இல்லாமல் நடக்க விடமாட்டார்கள், தலைக்கு 45 யூரோ கொடுத்தால் கலங்கரை விளக்கம் வரை லெவாடா நடை கூட்டிப்போகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பணம் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்தப் பாதைக்கு கைடு கட்டாயமே இல்லை. வழிகாட்டும் மஞ்சள் சிவப்புக் கோடு பார்த்து நடந்தால் வழி தவற இடமில்லை. அப்புறம் அந்தக் கலங்கரை விளக்கம். 1870-இல் கட்டியது, நிற்பது முனைக்கு அப்பால் கடைசிக் குட்டித் தீவில், நடுவே கடல். கைடு வந்தாலும் வராவிட்டாலும் நடந்து போக முடியாது, தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இதைக்கூடத் தெரியாதவர் அங்கே போயிருக்கவே மாட்டார். இல்லையென்றால், உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இன்னொரு தில்லுமுல்லு ‘லெவாடா’ என்ற சொல். லெவாடா என்றால் மலையோரம் ஓடும் பாசன வாய்க்கால், அதன் கரையில் நடப்பது பெரும்பாலும் சமதளம். இந்த முனையில் இருப்பது ‘வெரேடா’, அதாவது ஒற்றையடிப் பாதை. போகவே 3 கிலோமீட்டர், வழி நெடுகப் படி, இறக்கம், மறுபடி ஏற்றம், போன வழியேதான் திரும்பவும் வேண்டும். ஆனால் விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் லெவாடா என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். நான் கூட்டிப்போன குழுவில் ஒரு அம்மா அதை நம்பி மெல்லிய செருப்போடு வந்து நின்றார், கால் மணி நேரத்தில் சரளையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார்.

முழங்கால் வலி என்றால் முழுப் பாதை வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். தொடங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் இடப்பக்கம் ஒரு கிளை பிரியும். அதில் போனால் வடக்குக் கடல் சட்டென்று காலடியில் திறக்கும்: செங்குத்தான பாறைச் சுவர், நீருக்குள் தனித்தனியாக நிற்கும் பாறைத் தூண்கள், சிவப்பும் கறுப்புமாய் எரிமலைச் சாம்பல் அடுக்குகள், அவற்றைப் பிளந்துகொண்டு ஏறிய எரிமலைக் குழம்பு சுவர் எழுப்பியதுபோல் உறைந்து நிற்பது. முனையில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடும். அம்மா ஊன்றுகோலோடு இதுவரை நிதானமாக வரலாம், கூட ஒருவர் திரும்பிவிடுங்கள். இங்கே வரும்வரை வலி இல்லையே, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று அவரே சொல்வார். கேட்காதீர்கள், முழங்கால் கணக்குக் கேட்பது திரும்பி வரும் இறக்கத்தில்தான்.

அம்மாவோடு திரும்ப வேறொருவர் இருந்தால், மகனை நீங்கள் மேலே கூட்டிப்போகலாம். ஓரிடத்தில் பாதை குறுகி இரண்டு பக்கமும் கடல் தெரியும், கம்பிவடம் கட்டியிருக்கிறது. பையனைக் கம்பிவடத்துக்கு உள்பக்கமே நடக்க விடுங்கள். கம்பிவடத்தைத் தாண்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் தாண்ட வேண்டாம். நாலு பேரீச்சை மரத்தோடு கசா டோ சர்தினியா என்ற வீடு வரும், பக்கத்தில் காபி கிடைக்கும். அதற்கு மேல் உள்ள குன்று செங்குத்து, அதை விட்டாலும் பாதகமில்லை. அந்த வீடுவரை மரமும் இல்லை, நிழலும் இல்லை, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

பாதைக்குக் கட்டணம் உண்டு. 2025 தொடக்கத்தில் 3 யூரோவாக இருந்தது, புறப்படும் வாரத்தில் அரசு இணையதளத்தில் பார்த்து அந்தத் தளத்திலேயே கட்டுங்கள், ஏஜென்டிடம் அல்ல. காற்றோடு நடக்கப் போகிறவனைக் கணக்குத் திற, கார்டு நம்பர் கொடு என்று உட்காரவைக்கும் இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குக் கோபம்தான். அந்தத் தலைவலிக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஏஜென்டின் மடியில் போய் விழுகிறார்கள்.

காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தலைநகர் ஃபுன்ஷாலில் இலை அசையாத நாளிலும் இங்கே தொப்பி பறக்கும். வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். பஸ்ஸில் போவதானால், கனிசல் ஊர்வரை போகும் எல்லா வண்டியும் பாதை தொடங்கும் பையா தாப்ரா வரை போகாது. ஏறும்போதே டிரைவரிடம் கேளுங்கள், திரும்பும் வண்டியின் நேரத்தையும் சேர்த்து.