80×80 கட்டத்தில் ஓடும் புரோகிராம்கள் 100×100 இல் ஏன் நின்றுவிடுகின்றன?

கேள்வி (தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவர்): கொத்மலை ஓயா நீரேந்துப் பிரதேசத்தின் மழைவீழ்ச்சியைக் கணிக்க ஒரு போட்ரான் புரோகிராம், ஆற்று நீரோட்டத்தைக் கணிக்க ஒரு சி++ புரோகிராம். இரண்டையும், புரோகிராம்களுக்கிடையே செய்தி பரிமாறும் ஓபன் எம்பிஐ என்ற மென்பொருள் மூலம் இணைத்து, ஒரே சுவிட்சில் கோர்த்த இரண்டு கணினிகளில் ஓட்டுகிறேன். மழைக்கு 4 செயன்முறைகள் (ஒரே நேரத்தில் ஓடும் புரோகிராம் பிரதிகள்), ஆற்றுக்கு 2. மழைவீழ்ச்சி அந்தப் பக்கம் போகும், மண் ஈரம் இந்தப் பக்கம் வரும். எல்லாம் 8 பைட் எண்கள். 80×80 கட்டத்தில் நன்றாக ஓடியது. 100×100 ஆக்கியதும் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் நின்றுவிட்டது. சிபியு மட்டும் 100 சதவீதம் காட்டுகிறது. சுவிட்சை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். சுவிட்ச், கேபிள், ஃபயர்வால் இவற்றில் கோளாறு என்றால் 80×80 உம் ஓடியிருக்காது. முதல் செய்தியிலேயே நிற்கும்போதுதான் அந்தப் பக்கம் தேடவேண்டும். அப்போதும் பெரும்பாலும் குற்றவாளி, டொக்கர் என்ற மென்பொருள் போட்டுவைக்கும் 172.17 என்று தொடங்கும் போலி முகவரியோ, கேபிளோடு சேர்ந்து இயங்கும் வைஃபையோதான். எந்த வலையமைப்பைப் பயன்படுத்துவது என்று புரோகிராம்களைத் தொடங்கும் எம்பிஐரன் கட்டளையிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும்.

உங்கள் சிக்கலைக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. 80×80 என்றால் 6,400 எண்கள், 51,200 பைட். 100×100 என்றால் 80,000 பைட். கணினிகளுக்கிடையிலான டிசிபி வலையமைப்புப் பாதையில் ஓபன் எம்பிஐ இயல்பாக வைத்திருக்கும் எல்லை 65,536 பைட். அதற்குள் அடங்கும் செய்தியை, மறுபக்கம் ரிசீவ் (பெறும் அழைப்பு) அழைக்கும்வரை காத்திராமல் எம்பிஐ அனுப்பிவிடும். சென்ட் (அனுப்பும் அழைப்பு) உடனே முடிந்து திரும்பிவிடும். எல்லையைத் தாண்டினால் மறுபக்கம் ரிசீவ் போட்டுத் தயாராகும்வரை சென்ட் திரும்பாது. உங்கள் இரண்டு புரோகிராம்களும் முதலில் சென்ட், பிறகு ரிசீவ் என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டும் சென்டிலேயே நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆக, 80×80 இலும் பிழை இருந்தது. செய்தியைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடைத்தாங்கி அதை மறைத்துவிட்டது. இரண்டையும் ஒரே கணினியில் ஓட்டியிருந்தால் இன்னும் முன்பே பிடிபட்டிருக்கும், பகிர்ந்த மெமரியில் அந்த எல்லை வெறும் 4,096 பைட்.

சிபியு 100 சதவீதம் என்பதை வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எம்பிஐ காத்திருக்கும்போதும் "வந்துவிட்டதா, வந்துவிட்டதா" என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

உறுதிசெய்ய இரண்டு வழிகள். டிபக் தகவலோடு கம்பைல் செய்து, நின்றபின் இரு கணினிகளிலும் செயன்முறை எண்ணைக் கொடுத்து ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து, பேக்ட்ரேஸ் (எந்த அழைப்பில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். உபுண்டுவில் சூடோ (நிர்வாகி உரிமை) தேவைப்படும். இரண்டு பக்கமும் சென்ட் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது வழியை நான் அதிகம் விரும்புவேன்: எல்லா சென்டையும் எஸ்சென்ட் ஆக மாற்றி, 5×5 கட்டத்தில் ஓட்டுங்கள். எஸ்சென்ட் எவ்வளவு சிறிய செய்திக்கும் மறுபக்கத்துக்காகக் காத்திருக்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் ஒளிந்த பூட்டு அங்கேயே வெளிப்படும்.

திருத்தம் சிறியது. இரு பக்கமும், அனுப்புவதையும் பெறுவதையும் சேர்த்துச் செய்யும் சென்ட்ரெசிவ் என்ற ஒரே அழைப்பைப் பயன்படுத்துங்கள். அல்லது காத்திராமல் திரும்பும் ஐரெசிவ் முதலில், ஐசென்ட் அடுத்து, முடிவில் இரண்டும் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஆல். எல்லை அளவை உயர்த்திச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், கட்டம் 200×200 ஆனதும் மறுபடியும் நிற்கும்.

இதைத் திருத்தியதும் அடுத்து இடறக்கூடிய இடம் ரேங்க், அதாவது ஒவ்வொரு செயன்முறைக்கும் எம்பிஐ தரும் எண். ஒரே எம்பிஐரன் கட்டளையில் நடுவே முக்காற்புள்ளி வைத்து இரண்டையும் தொடங்கினால் எல்லாரும் சேர்ந்த குழுவான காம் வேர்ல்டில் 6 செயன்முறைகள். ஆற்றுப் புரோகிராமின் முதல் செயன்முறை அங்கே 0 அல்ல, 4. தொடக்கத்திலேயே இரு பக்கமும் காம் வேர்ல்டின் அளவையும் ரேங்கையும் அச்சிடுங்கள். அளவு 4 என்றும் 2 என்றும் தனித்தனியாக வந்தால் இரண்டு கட்டளைகளில் தொடங்கியிருக்கிறீர்கள். எல்லா இடத்திலும் அளவு 1 என்று வந்தால் கம்பைல் செய்த எம்பிஐ வேறு, ஓட்டும் எம்பிஐரன் வேறு. பிறகு காம் ஸ்ப்ளிட் மூலம் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனிக் கம்யூனிகேட்டர் (செயன்முறைக் குழு) பிரித்து, உள்வேலையில் வரும் பேரியர், பிராட்காஸ்ட், ரிடியூஸ் என்று குழு முழுவதும் சேர்ந்து செய்யும் அழைப்புகள் அனைத்தையும் அதற்கு மாற்றுங்கள். ஒன்று தவறினாலும் மற்றப் புரோகிராம் வராததால் அது அங்கேயே நிற்கும். ஸ்ப்ளிட் அழைப்பை 6 செயன்முறைகளும் செய்யவேண்டும்.

ஓட்டத்தின் கடைசியில் மட்டும் நின்றால் பரிமாற்ற எண்ணிக்கையைப் பாருங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 24 மணிக்கு 96 பரிமாற்றங்கள். ஒரு பக்கம் தொடக்க நிலைக்கும் ஒன்று சேர்த்தால் 97, அந்தக் கடைசி ஒன்றுக்கு மறுபக்கத்தில் ஆள் இருக்காது.

நிற்பதைவிட எனக்குக் கவலை தருவது, நிற்காமல் ஓடித் தவறான எண் தருவது. வெள்ளக் கணிப்பில் அது ஆபத்து. ஒரு பக்கம் மட்டும் 4 பைட் எண்ணாக்கி, மறுபக்கம் 8 பைட்டாகப் பெற்றால் எம்பிஐ வழக்கமாக எதுவும் சொல்லாது. பாதி அணி பழைய மதிப்புகளோடு கிடக்கும். ரிசீவுக்குப் பிறகு, எத்தனை எண்கள் வந்தன என்று சொல்லும் கெட்கவுண்ட் அழைத்துப் பாருங்கள், 10,000 வரவேண்டிய இடத்தில் 5,000 வரும். இன்னொன்று, போட்ரான் நிரல் (மேலிருந்து கீழ்) வரிசையில் சேமிக்கும், சி++ நிரை (இடமிருந்து வலம்) வரிசையில். போட்ரானில் (3, 7) என்ற கட்டம் சி++ இல் [6][2]. சதுரக் கட்டம் என்பதால் அளவும் பொருந்திவிடும், பிழை தெரியாது. அதனால் சோதனைக்கு 100×60 போன்ற நீள்சதுரக் கட்டம் எடுத்து, நானுஓயா விழும் கட்டத்தில் மட்டும் 1 மில்லிமீற்றர் மழை வைத்து, மற்றவற்றைப் பூச்சியமாக்கி அனுப்புங்கள். ஆற்றுப் பக்கம் அது எந்தச் சுட்டெண்ணில் இறங்குகிறது என்று அச்சிட்டு, வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே உண்மையான மழைத் தரவைக் கொடுங்கள்.