கேள்வி–பதில்: தண்ணீர் வழக்கில் மக்களுக்கு இடம் உண்டா?

கேள்வி: அந்நிய நிறுவனம் ஒன்று ஓர் அரசின்மீது பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கும்போது, அந்த முதலீட்டால் பாதிக்கப்பட்ட மக்கள் தங்கள் உரிமைகளை அங்கே எடுத்துரைக்க இயலுமா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: வழக்கின் ஒரு தரப்பாக நின்று வாதாட இயலாது. முதலீட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடுபவை அரசுகள்; வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பெறுபவர் முதலீட்டாளர். இந்த ஏற்பாட்டின் குறை எத்தகையது என்பதைப் பொலிவியாவின் கொச்சபாம்பா நகர மக்கள் பட்டறிந்தார்கள்.

1999ஆம் ஆண்டு அந்நகரின் குடிநீர் வழங்கல், அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் பங்கு வகித்த அகுவாஸ் தெல் துனாரி என்னும் நிறுவனத்திடம் 40 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் கடுமையாக உயர்ந்ததோடு, ஊரார் தம் உழைப்பில் தோண்டிய கிணறுகளும் கைவிட்டுப் போகும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, மக்கள் வீதிக்கு வந்தார்கள். 17 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தான். 2000 ஏப்ரலில் அந்தக் குடிநீர் ஒப்பந்தம் முறிந்தது.

நிறுவனமோ உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையத்தை நாடி, இழப்பீடு கோரியது. பங்குகளின் ஒரு பகுதி நெதர்லாந்தில் பதிவான நிறுவனங்கள் வழியாக வைக்கப்பட்டிருந்ததால், பொலிவியா–நெதர்லாந்து முதலீட்டு ஒப்பந்தமே வழக்குக்கு அடிப்படையாயிற்று. தங்களையும் கேட்க வேண்டும், விசாரணையைப் பொதுவில் நடத்த வேண்டும் என்று குடிமக்கள் அமைப்புகள் விடுத்த வேண்டுகோளை, இரு தரப்பின் இசைவின்றி அதற்குத் தமக்கு அதிகாரமில்லை என்று கூறித் தீர்ப்பாயம் மறுத்துவிட்டது. தாகத்தால் தவித்தவர்களை வாசலிலேயே நிறுத்திய இந்த மறுப்பை, சட்டப்படி சரியானது என்பதற்காக நியாயமானது என்று ஏற்க என்னால் இயலவில்லை. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின், 2006 ஜனவரியில் இழப்பீடு ஏதுமின்றி வழக்குக் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மையத்தின் விதிகள் திருத்தப்பட்டு, வெளியார் எழுத்து வடிவில் கருத்துரைக்க வழி பிறந்தது. ஆயினும் அதை அனுமதிப்பது இன்றும் தீர்ப்பாயத்தின் விருப்பமே.

குடிநீரை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை 2010இல் ஏற்றது. தீர்மானத்தை முன்மொழிந்த நாடு பொலிவியாதான். அர்ஜென்டினாவின் குடிநீர் வழங்கல் தொடர்பாக உர்பாசெர் என்ற ஸ்பெயின் நிறுவனம் தொடுத்த வழக்கில், அந்த உரிமையைக் காட்டி அர்ஜென்டினா எதிர்வழக்கிட்டது. 2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு, மனித உரிமைக் கடமைகள் நிறுவனங்களைத் தொடவே மாட்டா என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆனால், குடிநீர் வழங்கும் கடமை அரசைச் சார்ந்தது என்று கூறி எதிர்வழக்கைத் தள்ளியது. ஆகவே, முதலீட்டாளரின் கடமைகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்; அதே மாதம் மொராக்கோவும் நைஜீரியாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், முதலீட்டாளர் மனித உரிமைகளைப் பேண வேண்டும் என்ற விதி இடம்பெற்றது.