நாக்குப் பயிற்சி இருக்கட்டும், முதலில் குறட்டையைக் கவனியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. வாயைத் திறந்தபடியே தூங்குகிறான். பகலிலும் உதடுகள் சேர்வதில்லை. 5 வயது வரை விரல் சூப்பினான். மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. எச்சில் விழுங்கும்போது நாக்கை முன்னால் தள்ளுகிறான். மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. இரவில் பல்லைக் கடிக்கிறான். குறட்டையும் உண்டு; சில நேரம் மூச்சு நின்று, திணறிப் புரண்டு படுப்பான். இப்படியே விட்டால் முகம் நீண்டு கோணலாகிவிடும், அறிவு வளர்ச்சியும் குறையும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அவற்றைப் பார்த்து நாக்குப் பயிற்சிகள் செய்ய வைக்கிறேன். வாயில் வைக்கும் சிலிக்கோன் பயிற்சிக் கருவி ஒன்றும் வாங்கிவிட்டேன். இரவில் உதட்டில் டேப் ஒட்டுகிறேன். மூக்கடைப்புக்கு இரண்டு மாதமாகச் சொட்டு மருந்து விடுகிறேன். கவனிக்காமல் இருந்து அவன் முகத்தை நானே கெடுத்துவிட்டேனா?

பதில்: இன்றிரவு அந்த டேப்பை ஒட்டாதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

எந்தக் குழந்தையும் ஆசைப்பட்டு வாயால் மூச்சு விடுவதில்லை. மூக்கு வழியாகப் போகும் காற்று போதாதபோது உடம்பு தேடிக்கொண்ட மாற்று வழி அது. அதையும் ஒட்டி அடைத்துவிட்டால் எப்படி மூச்சு விடுவான்? தூக்கத்தில் வாந்தி வந்தால் என்ன ஆகும்? மூக்கடைப்பும் குறட்டையும் உள்ள 7 வயதுப் பையனுக்கு டேப் ஒட்டச் சொன்னவரை என் முன்னால் உட்கார வைத்தால் நான் பேசக்கூடியவை அச்சில் ஏறாது.

முகத்தை நீங்கள் கெடுக்கவில்லை. பல ஆண்டுகள் வாயாலேயே மூச்சு விடும் சில குழந்தைகளுக்கு மேல் அண்ணம் குறுகி உயர்வதும், முகம் சற்று நீளமாக வளர்வதும் உண்மைதான். ஆனால் முகத்தின் நீள அகலத்தைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது பரம்பரை; அவனுடைய அப்பாவையும் தாத்தாவையும் ஒரு முறை பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். தாடை இன்னும் பல ஆண்டுகள் வளரப் போகிறது. குறுகிய மேல் தாடையை அகலப்படுத்தவும், முன்பற்களைச் சேர்க்கவும் 7 வயதில் ஏராளமான அவகாசம் இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு வரி. பல், நாக்கு, உதடு, விரல் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், 'மூச்சு நின்று, திணறிப் புரண்டு படுப்பான்' என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறீர்கள். அவசரமாகப் பார்க்க வேண்டியது அதுதான். வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ குறட்டை விடும் குழந்தையை விசாரிக்காமல் விடக் கூடாது. குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறது என்றால், தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நூற்றில் ஒன்று முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. மூச்சுப்பாதையின் அளவோடு ஒப்பிட்டால், தொண்டையின் இரு பக்கமும் உள்ள டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டும் மிகப் பெரிதாக இருக்கும் 2 முதல் 8 வயதுக்குள்தான் அதிகம்.

இன்றிரவு அவன் தூங்கி ஒரு மணி நேரம் ஆனதும் சட்டையை விலக்கி நெஞ்சைப் பாருங்கள். குறட்டை திடீரென்று நின்ற பிறகும் நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டே இருக்கிறதா? மார்பெலும்புக்கு மேலே கழுத்தடிக் குழி உள்ளே இழுக்கிறதா? நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே வருகிறதா? அப்படியானால் குழந்தை மூச்சு விட முயல்கிறான், காற்று போகவில்லை என்று அர்த்தம். கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவது, தலையணை நனையும் அளவுக்கு வியர்ப்பது, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோய் மறுபடி வருவது, காலையில் தலைவலியோடு எழுவது ஆகியவையும் இதே பக்கம் கை காட்டுபவை. கைப்பேசியில் இரண்டு மூன்று நிமிடம் படம் பிடித்து வையுங்கள், சத்தமும் பதிவாகட்டும். மருத்துவருக்கு அது நீங்கள் சொல்லும் நூறு வார்த்தைகளைவிடப் பயன்படும். உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினால் தெளியாமல் கிடந்தாலோ படம் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

'அறிவு வளர்ச்சி குறையும்' என்ற பூச்சாண்டிக்குள்ளும் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கிறது. தூக்கம் கெட்ட பெரியவர் பகலில் தூங்கி வழிவார். தூக்கம் கெட்ட குழந்தை துறுதுறுவென்று ஓடுவான், ஓரிடத்தில் உட்கார மாட்டான், சட்டென்று எரிந்து விழுவான். பள்ளியில் 'கவனம் இல்லை' என்பார்கள். நல்ல தூக்கம் கிடைத்ததும் இவற்றில் பெரும்பகுதி சரியாகிறது. மூளை மழுங்கிவிடும் என்று சொல்லி உங்களை அழ வைப்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

நான் குழந்தைகளின் பல் மருத்துவர். இருந்தாலும் சொல்கிறேன், நீங்கள் முதலில் போக வேண்டியது என்னைப் போன்றவரிடம் இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் தெரியும், அடினாய்டு தெரியாது. மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் திசு அது. குழந்தைகளின் மூக்கடைப்புக்கும் கேட்கும் திறன் குறைவதற்கும் அதற்கும் உள்ள தொடர்பை கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் 1868-லேயே எழுதிவிட்டார். இன்று மெல்லிய குழாய்க் கேமரா வைத்தோ, பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தோ பார்த்துவிடலாம். ஒவ்வாமை இருந்தால் அதற்கு மருந்து. சந்தேகம் வலுத்தால், தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்து பார்க்கும் தூக்க ஆய்வு. அதில் பெரியவர்களுக்கு மணிக்கு 5 மூச்சுத் தடைகளுக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக இயல்பு என்போம், குழந்தைக்கு மணிக்கு 1 என்பதே கணக்கில் வரும்.

அறுவைச் சிகிச்சை என்று சொல்லிவிடுவார்களோ என்று நடுங்க வேண்டாம். சொன்னால், டான்சிலையும் அடினாய்டையும் எடுப்பதே இந்த நோய்க்கு முதல் சிகிச்சை; நன்கு பழகிப்போன அறுவைச் சிகிச்சை. எல்லாருக்கும் உடனடியாகத் தேவைப்படுவதும் இல்லை. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தும் ஆக்சிஜன் வெகுவாகக் குறையாத, 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளைச் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் 79 விழுக்காட்டினருக்கு 7 மாதத்தில் தூக்க ஆய்வு சீரானது. செய்யாமல் மருத்துவக் கண்காணிப்பில் காத்திருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குச் சீரானது. காத்திருக்கலாமா, கூடாதா என்பதைப் பரிசோதித்தவர் சொல்லட்டும். நானும் சொல்லக் கூடாது, காணொளியும் சொல்லக் கூடாது.

அந்தச் சொட்டு மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. வெறும் உப்புநீர்ச் சொட்டு என்றால் பாதகமில்லை. விட்டவுடன் மூக்கு திறந்துகொள்ளும் ரகம் என்றால் அதைச் சில நாட்களுக்கு மேல் விடவே கூடாது. இரண்டு மாதம் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும். அடைக்கிறது என்று மறுபடி விடுவீர்கள், மறுபடி அடைக்கும். பாட்டிலைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். மாறாக மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தால், பெயரைக் கேட்டுப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அது உடனே வேலை செய்யாது. தினமும் அடித்தால்தான் பலன்.

இனிப் பயிற்சிகளுக்கு வருவோம். அவற்றை நான் கேலி செய்யவில்லை, நானே சொல்லித் தருகிறேன். முகத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பல்வரிசைக்கு உதவலாம் என்று ஆல்ஃபிரட் ராஜர்ஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் எழுதியது 1918-இல். நூறு ஆண்டுக்கு மேல் பழைய சரக்கு, நேற்றுக் கண்டுபிடித்த ரகசியம் போல விற்கப்படுகிறது என்பதே என் எரிச்சல். மூக்கு திறந்த பிறகும் பழக்கதோஷத்தால் வாய் திறந்தே இருக்கும் குழந்தைகள் உண்டு, அடினாய்டு எடுத்த பிறகும் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி உண்மையிலேயே உதவும். அடைத்த மூக்கோடு செய்ய வைப்பது குழந்தையைப் படுத்துவது மட்டும்தான்.

மூக்கு தயாரா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நேராக உட்கார வைத்து, ஒரு மடக்கு தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு உதட்டை மூடியிருக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் சாதாரணமாக இருந்தான் என்றால் மூக்கு வேலை செய்கிறது. அரை நிமிடத்தில் துப்பினால் பயிற்சிக்கு நேரம் வரவில்லை. சளி பிடித்திருக்கும் நாளில் இதைச் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

விழுங்கும்போது நாக்கைத் தள்ளுவதுதான் பல்லைத் தள்ளிவிட்டது என்று நினைக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முறை விழுங்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். ஒரு நாளில் விழுங்குவது ஆயிரத்துக்குள். எல்லாம் சேர்த்தாலும் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பல்லை நகர்த்த அது போதாது. மீதி நேரமெல்லாம் நாக்கு எங்கே படுத்திருக்கிறது என்பதே பல்லுக்கு முக்கியம். உங்கள் மகன் விஷயத்தில் விரல் சூப்பியதால் முன்னால் சந்து விழுந்தது. விழுங்கும்போது அந்தச் சந்தை அடைக்க நாக்கு முன்னால் வருகிறது. பெரும்பாலும் விளைவு அது, காரணமில்லை. விரலை விட்டு இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. நாக்கு மேலே தங்கப் பழகினால், நிலைப் பற்கள் இறங்கி வரும்போது இந்தச் சந்து தானாகவே குறையக்கூடும்.

ஆகவே முதல் பயிற்சி, நாக்குக்கு இருப்பிடம் காட்டுவது. 'என்ன' என்று சொல்லி, 'ன்' இல் நிறுத்தச் சொல்லுங்கள். நாக்கு நுனி தொடும் இடம், மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஈறு மேடு. அதுதான் இடம். 'பந்து' என்றால் நுனி பல்லில் முட்டும், 'கண்' என்றால் பின்னால் சுருளும், இரண்டும் வேண்டாம். நுனி அங்கே இருக்க, நாக்கு முழுவதையும் அண்ணத்தில் ஒட்டி, உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விடட்டும். அதே நிலையில் நாக்கை உறிஞ்சிப் பிடித்து 'டொக்' என்று ஒலி எழுப்புவது குழந்தைகளுக்குப் பிடித்த விளையாட்டு. வாயை நன்றாகத் திறந்தால் நாக்கு மேலே எட்டவே இல்லை, நாக்கின் அடியில் உள்ள நார் இழுக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். யாரோ சொன்னார்கள் என்று லேசரில் வெட்டிக்கொண்டு வந்து நிற்காதீர்கள்.

அது படிந்த பிறகு விழுங்கும் பயிற்சி. ஒரு வாய்த் தண்ணீர். நாக்கு நுனி மேட்டில். பின்பற்கள் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியே விழுங்க வேண்டும். கண்ணாடி முன் நிறுத்துங்கள். உதடு இறுகி, முகவாய்த் தோல் புள்ளி புள்ளியாகக் குழிந்தால் பழைய முறையில்தான் விழுங்குகிறான். சரியாக விழுங்கினால் முகத்தில் எதுவும் அசையாது. உதட்டுக்கு, ஒரு துண்டுக் காகிதத்தைப் பல் படாமல் உதடுகளால் மட்டும் பிடித்துக்கொண்டு படிப்பதோ, தொலைக்காட்சி பார்ப்பதோ போதும். ஒரு நிமிடத்தில் தொடங்கிப் பத்து நிமிடம் வரை கொண்டு போகலாம். நூல் கட்டிய பொத்தானை உதட்டுக்குள் வைத்து இழுக்கும் பயிற்சியையும் பார்த்திருப்பீர்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் நூல் அறுந்தால் பொத்தான் தொண்டைக்குப் போகும். மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ பொத்தானின் அளவைப் பார்த்துச் சொல்லாமல் வேண்டாம்.

நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் சண்டைதான் மிஞ்சும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். பயிற்சி நேரத்தில் ஒழுங்காகச் செய்துவிட்டு, வீட்டுப் பாடம் எழுதும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் ஒரு பயனும் இல்லை. மேசையில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அது கண்ணில் படும்போதெல்லாம் உதட்டைச் சேர்க்கட்டும். 'வாயை மூடு' என்று நாள் முழுக்க அதட்டுவது பயிற்சி ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல் முன்பல் இடைவெளி இந்த வயதில் இயல்பு. இரண்டு மில்லிமீட்டர் வரை இருந்தால், 11, 12 வயதில் கோரைப் பல் இறங்கும்போது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். இப்போதே கிளிப் கேட்காதீர்கள். தூக்கத்தில் பல் கடிப்பது குழந்தைகளிடம் சர்வசாதாரணம், வளர வளர நிற்கும். பூச்சி மருந்து கொடுக்கக் கிளம்ப வேண்டாம். விரல் சூப்பும் பழக்கம்தான் போய்விட்டதே, அதை ஏன் இன்னும் சுமக்கிறீர்கள்? வாய் வறண்டே இருக்கும் குழந்தைக்குப் பல் சொத்தை சீக்கிரம் வரும் என்பதால், இரவில் பல் துலக்குவதை மட்டும் ஒரு நாளும் தவற விடாதீர்கள்.

அந்த சிலிக்கோன் கருவி பெட்டியிலேயே இருக்கட்டும். மூக்கு சரியான பிறகு பல் மருத்துவர் அவன் வாயில் பொருத்திப் பார்த்து, தேவை என்றால் பயன்படுத்தலாம். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கைப்பேசிப் படத்தையும் சொட்டு மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'வாயால் மூச்சு விடுகிறான்' என்று பேச்சைத் தொடங்காமல், 'தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது' என்று தொடங்குங்கள்.