மக்கிய அடிச்சட்டத்துக்கு சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் சாண்ட்விச் துறைமுக ஊரில் பழைய வணிகர் வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஓக் மரச்சட்ட வீடு, பாதுகாக்கப்பட்ட கட்டடம். தெருப்பக்கச் சுவரின் அடிச்சட்டம், அதாவது மரச்சட்டத்தைக் கீழே தாங்கும் கிடைமரம், மக்கியிருக்கிறது. சிமெண்ட் பூசி மூடிவிடலாம் என்கிறார் பில்டர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஓக் மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமெண்ட் அதோடு சேர்ந்து அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விடும்; அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், திரும்பி வெளியே வர வழியிருக்காது. வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே சட்டம் மக்கிக்கொண்டே போகும். ஏற்கெனவே பூசிய சிமெண்ட் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தான். சுண்ணாம்புச் சாந்துதான் சரி; அது ஈரத்தை வெளியே விடும்.

அப்புறம், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நூற்றாண்டுகளாகத் தெருமட்டம் உயர்ந்து அடிச்சட்டம் மண்ணைத் தொட்டிருக்கலாம், மழைநீர்க் குழாய் ஒழுகலாம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஈரம் வருவதை நிறுத்தாமல் மரத்தை மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பொதபொதவென்று இருந்து, அதற்குள் வைரம் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) இரும்பு மாதிரி நிற்பது ஓக்கில் சகஜம். அப்படியென்றால் முழுச்சட்டத்தையும் கழற்றவே வேண்டாம். மக்கிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, புது ஓக்கை ஒட்டுச்சேர்ப்பாக இணைப்பார் தெரிந்த தச்சர். சாதாரண இரும்பு ஆணியை ஓக்கின் துவர்ப்புச்சத்து அரித்துவிடும். மர முளையோ துருப்பிடிக்காத எஃகோ போதும். வண்டுத் துளைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். துளைக்குக் கீழே புதிதாக வெளிர்நிறத் தூள் உதிர்ந்திருந்தால்தான் கவலை.

வேலை தொடங்குமுன் டோவர் மாவட்ட மன்றத்தின் கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் பேசிவிடுங்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது குற்றம். 1877இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் ஆலோசனை தரும்.

இன்னொன்று: மணல் வீசியோ தேய்த்தோ மரத்தைச் சுத்தம் செய்ய விடாதீர்கள். மூட்டுகளின் அருகே ரோமன் எண்கள் போன்ற கீறல்கள் தெரியலாம். எந்தச் சட்டம் எதில் சேர வேண்டும் என்று அன்றைய தச்சர்கள் உளியால் இட்ட குறிகள் அவை. ஒருமுறை தேய்த்தால் போனது போனதுதான்.