மர்ம ஒளியும் மைதாப் பசையும்

அன்புள்ள சார்,

நான் ஏழு வருடமாக ஸ்வீடனில், லின்ஷோப்பிங்கில் இருக்கிறேன். பக்கத்து ஊரான நோர்ஷோப்பிங்கில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலவறைகளில் ஓர் ஆவணக்காப்பகம் இயங்குகிறது. பறக்கும் தட்டு, மர்ம ஒளி சம்பந்தமாக உலகம் முழுக்க வந்த பத்திரிகைச் செய்திகளையும் புத்தகங்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நண்பர் ஒருவர் போன மாதம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, செய்தித் துணுக்குகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். இறந்துபோன ஏதோ ஓர் ஆர்வலரின் வீட்டிலிருந்து வந்த பெட்டியாம். "இதையெல்லாம் நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "காப்பி குடிக்கிறீர்களா?" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. ஐம்பது வருடமாக வெட்டி ஒட்டியும் ஒரு தட்டுகூடக் கையில் சிக்கவில்லை. இது ஆயுளை வீணடிப்பதுதானே? பத்திரிகைச் செய்தியை வைத்து வானத்தில் என்ன பறந்தது என்று சொல்லிவிட முடியுமா?

இன்னொன்று. கோவில்பட்டி வீட்டில் அப்பாவின் பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று வந்த செய்திகளையும், 'வானில் மர்ம ஒளி' என்று ஒரு செய்தியையும் ஒட்டி வைத்திருக்கிறார். எதிலும் தேதி இல்லை. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவா என்று அம்மா கேட்கிறார். போடலாமா?

(பெயர் வேண்டாம், சார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மாவுக்குப் போன் செய்து கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நோட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் காப்பியைப் பற்றிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. தபால்தலை சேர்ப்பவரிடம் 'தபாலை நம்புகிறீர்களா' என்று யாரும் கேட்பதில்லை. இவரிடம் மட்டும் வாழ்நாள் முழுக்க அதையே கேட்டிருப்பார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. செய்தித் துணுக்கை வைத்து வானத்தில் பறந்தது என்ன என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்தி எங்கே பிறந்தது, எந்தெந்த ஊருக்கு எத்தனை நாளில் போனது, போகிற வழியில் எப்படி உருமாறியது, எந்தத் தேதியோடு நின்றது என்று சொல்லலாம். அதற்கு ஒரு துணுக்கு போதாது, ஒரு பெட்டி வேண்டும். அதனால்தான் ஐம்பது வருடம் ஆகிறது.

'பறக்கும் தட்டு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1947 ஜூன் 24 அன்று கென்னத் அர்னால்ட் என்ற விமானி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப்பக்கம் பளபளவென்று ஒன்பது பொருட்கள் பறந்துபோவதைப் பார்த்தார். மறுநாள் ஆரிகன் மாநிலத்துப் பெண்டில்டன் ஊரில் ஒரு சின்னப் பத்திரிகை அலுவலகத்தில் போய் அதைச் சொன்னார். அங்கிருந்து செய்தி நிறுவனத்தின் கம்பி வழியாக நாடு முழுக்கப் போன சேதியில் அவை 'சாசர் போன்றவை' ஆகிவிட்டன. தான் சொன்னது அவை பறந்த விதத்தைத்தான், தண்ணீர்மேல் சாசரை விசிறினால் தத்தித் தத்திப் போகுமே அந்த மாதிரி, என்று அர்னால்ட் பின்னால் விளக்கினார். ராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்த படத்தில் இருப்பது வட்டத் தட்டே இல்லை. ஏறக்குறைய பூட்ஸ் குதிகாலின் வடிவம். ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில் அமெரிக்கா முழுக்க ஜனங்கள் வட்டத் தட்டுகளைப் பார்த்துத் தள்ளிவிட்டார்கள். நாமும் அந்தத் தட்டை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டோம். குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டுப் பழகிய நம்மூர் ஆள் யாராவது அன்று அந்த விமானத்தில் இருந்திருந்தால், இன்று உலகமே 'பறக்கும் ஓட்டாஞ்சில்லு' என்று பேசிக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று அரசாங்கம் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியவர் நியூயார்க்கைச் சேர்ந்த டெட் புளோச்சர் என்ற ஆர்வலர். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் 1947ஆம் வருடத்துப் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்து, 850க்கும் மேற்பட்ட சம்பவங்களைப் பட்டியல் போட்டு 1967இல் வெளியிட்டார். ஜூலை முதல் வாரத்தில் எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது. அமெரிக்கச் சுதந்திர தினம் ஜூலை 4. விடுமுறை, எல்லோரும் வெளியில் நின்று வானத்தைப் பார்க்கிற நாள். பிறகு சடசடவென்று இறங்குகிறது. இறங்கியது வானத்திலா, பத்திரிகை ஆசிரியர் மேசையிலா? நியூ மெக்சிகோ மாநிலத்து ரோஸ்வெல்லில் தட்டு பிடிபட்டது என்று ஜூலை 8இல் வந்த செய்தி, மறுநாளே வானிலை பலூன் என்று மாறியது. கிண்டல் படங்கள் வேறு வந்துகொண்டிருந்தன. இந்த நிலையில் தட்டைப் பார்த்தவன்கூடப் பத்திரிகைக்குச் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பான். வானத்தைப் பற்றி அந்தப் பட்டியல் எதையும் தீர்த்துவைக்கவில்லை, உண்மைதான். பத்திரிகைக் காய்ச்சல் ஒன்று எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கு அவ்வளவு நல்ல படம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இனி உங்கள் ஸ்வீடனுக்கு வருவோம். பக்கத்து ஊரிலேயே இருக்கிறீர்கள், இதைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் திரும்பாதீர்கள்.

1946 கோடையில் ஸ்வீடன் வானத்தில் 'பேய் ராக்கெட்' தெரிவதாகப் பேச்சு. அந்த வருடம் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் தகவல்கள் வந்தன. ஜனங்கள் பயந்ததற்குக் காரணமும் இருந்தது. இரண்டு வருடம் முன்பு, 1944 ஜூனில், ஜெர்மானியரின் வி-2 ராக்கெட் ஒன்று வழிதவறிவந்து தெற்கு ஸ்வீடனில் பேக்கெபூ என்ற இடத்தில் விழுந்திருந்தது. அது புறப்பட்ட பீனமுண்டே தளம் இப்போது ரஷ்யர்கள் கையில். ஆகவே வானத்தில் எது மின்னினாலும் ரஷ்ய ராக்கெட்தான். ஜூலை 19இல் வடக்கே ஓர் ஏரிக்குள் என்னவோ விழுந்தது என்று ராணுவம் போய் வாரக்கணக்கில் துழாவியது, ஒன்றும் கிடைக்கவில்லை. செய்திகள் உச்சத்துக்குப் போனது ஆகஸ்ட் 11ஐ ஒட்டி. ஒவ்வொரு வருடமும் பெர்சீட் எரிகற்கள் பொழிவது அந்த நாட்களில்தான். அத்தனையும் எரிகல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேதியைப் பார்த்ததும் புருவம் உயராதவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஜூலைக் கடைசியில் ஸ்வீடனின் பாதுகாப்புத் தலைமையகம், ராக்கெட் தெரிந்த இடங்களின் பெயரைப் போடக்கூடாது என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டது. ராக்கெட் விட்டவன் எவனோ, அது எங்கே போய் விழுந்தது என்பதை நம் பத்திரிகையைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக்கூடாது அல்லவா. அதோடு துணுக்குகளிலிருந்து ஊர்ப்பெயர்கள் மறைந்துவிடுகின்றன. 'மத்திய ஸ்வீடனில் ஓரிடத்தில்' என்று மட்டும் இருந்தால் நாற்பது வருடம் கழித்து அதை வைத்து என்ன செய்வது? நீங்கள் பார்த்த காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டர்ஸ் லில்யெகிரேனும், பத்திரிகையாளரான கிளாஸ் ஸ்வானும் 1980களில் ராணுவக் கோப்புகளுக்குள் இறங்கி, பத்திரிகை விழுங்கிய ஊர்களைத் தேடினார்கள். பத்திரிகையை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே ஓர் ஓட்டை இருப்பதே தெரிந்திருக்காது. எதைப் போடவில்லை என்பதையும் கணக்கில் எழுதுகிற ஆளை நான் வீணன் என்று சொல்லமாட்டேன்.

வீணர்களும் உண்டு, நிறைய. 'மர்மம்' வந்த அன்றைய பேப்பரை வெட்டி ஒட்டிவிட்டு, மூன்று நாள் கழித்து ஏழாம் பக்கத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வரும் விளக்கத்தை வெட்டாமல் விடுகிறவர்கள். இரண்டே வருடத்தில் அவர்கள் நோட்டைப் புரட்டினால் உலகத்தில் மர்மத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று தோன்றும்.

துணுக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கன்றுக்குட்டிக் கதை இருக்கிறது. 1897 ஏப்ரல், கான்சாஸ் மாநிலம். அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற பண்ணைக்காரர், வானக்கப்பல் ஒன்று வந்து தன் தொழுவத்துக் கன்றைக் கயிறு கட்டித் தூக்கிப்போனதாக உள்ளூர்ப் பத்திரிகையில் சொன்னார். தோலும் தலையும் கால்களும் மறுநாள் யாரோ ஒருவர் வயலில் கிடந்தனவாம். கூடவே ஒரு சத்தியப் பத்திரம்: ஹாமில்டன் பொய் சொல்லாதவர் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1960களில் இந்தத் துணுக்கு தோண்டியெடுக்கப்பட்டு, பறக்கும் தட்டுப் புத்தகங்களில் எல்லாம் ஏறியது. பிறகு 1970களில் ஜெரோம் கிளார்க் என்ற ஆர்வலர் விசாரித்துக்கொண்டே போனார். அந்தக் காலத்தை நினைவில் வைத்திருந்த வயதான அம்மாள் ஒருவர் கிடைத்தார். அவர் சொன்னது: அந்த ஊரில் பொய்யர் சங்கம் ஒன்று இருந்தது. யார் பெரிய புளுகு புளுகுவது என்று அவ்வப்போது போட்டி. ஹாமில்டன் அதில் உறுப்பினர், கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்களும் சங்கத்தோடு சேர்ந்தவர்களே. கதையைப் பிரபலமாக்கியதும் பறக்கும் தட்டு ஆர்வலர் கூட்டம், பிடித்துக் கொடுத்ததும் அதே கூட்டம்.

தேதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் சொந்தக் கதையில் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானும் வெட்டி ஒட்டினேன். தேதி பக்கத்தின் உச்சியில் இருக்கும், செய்தி கீழே இருக்கும். பையன் செய்தியை மட்டும் கத்தரிப்பான். அம்மா காய்ச்சிய மைதாப் பசையில் ஒட்டினேன். அதைக் கரப்பான்பூச்சி ருசி பார்த்தது போக மிஞ்சியதில் 'நேற்று இரவு' என்று இருக்கிறது. எந்த இரவு? தேதி இருந்தாலும் முழுதாக நம்பிவிடக்கூடாது. 1954 இலையுதிர்காலத்தில் பிரான்ஸ் முழுக்கத் தட்டுகள் தெரிந்தன. எமே மிஷேல் என்பவர் அந்தச் செய்திகளை நாள்வாரியாகப் பிரித்து வரைபடத்தில் குறித்தார். அவை நேர்கோட்டில் விழுகின்றன என்று பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னார். அப்புறம் பார்த்தால் சில சம்பவங்கள் நடந்த நாளே வேறு. தவிர, அத்தனை புள்ளிகளைச் சும்மா இறைத்தாலே சில கோடுகள் தானாக விழும்.

இப்போது கத்தரிக்கோல் போய்விட்டது. கணினியில் தேடினால் நூறு வருடத்துப் பத்திரிகை வந்து நிற்கிறது. ஆனால் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? 1897க்கு 'வானக்கப்பல்' என்று தேட வேண்டும். 1933-34இல் ஸ்காண்டிநேவியாவுக்கு 'பேய் விமானம்', 1946க்கு 'ராக்கெட்'. 'யுஎஃப்ஓ' (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்) என்று போட்டால் 1950களுக்கு முன்னால் ஒன்றுமே கிடைக்காது. அந்தச் சொல்லே அப்போது இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்த வாகனத்தைத்தான் வானத்தில் பார்த்திருக்கிறது. தமிழில் தேடுகிறவர் 'மர்ம ஒளி', 'மர்மப் பொருள்', கூடவே 'பொதுமக்கள் பீதி' என்பதையும் போட வேண்டும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வரிசையாக ரயில்பெட்டி மாதிரிப் போகிற இரவுக்கு மறுநாள், நம் பத்திரிகைகளில் அந்த மூன்றாவது தவறாமல் இருக்கும்.

நம் நாட்டிலிருந்து ஒன்று. 2012-13இல் லடாக் எல்லையில் நம் ராணுவ வீரர்கள் வானில் நகரும் ஒளிகளைப் பார்த்து 329 முறை பதிவு செய்தார்கள். சீன உளவு விமானம் என்று சந்தேகம், தலைப்புச் செய்தி, எல்லாம் நடந்தது. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்து, வியாழனும் வெள்ளியும் என்றார்கள். அவர்களால் அதைச் சொல்ல முடிந்தது வீரர்கள் குறித்து வைத்திருந்ததால்தான். 'மர்ம ஒளி, பீதி' என்ற நான்கு வரிச் செய்தியை மட்டும் கொடுத்திருந்தால் ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

சரி, அப்பாவின் நோட்டு. ஸ்கைலாப் துணுக்குகளுக்குத் தேதி பிரச்சினையே இல்லை. அது 1979 ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறி விழுந்தது. 'விழப்போகிறது' என்றால் அதற்கு முந்திய நாட்கள், 'விழுந்தது' என்றால் பிந்திய நாட்கள். வரிசைப்படுத்திவிடலாம். அந்த 'மர்ம ஒளி'தான் சிக்கல். ஸ்கைலாப் பயத்தில் ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் வந்த செய்தியா, அதற்கு முன்னதா, பல வருடம் பிந்தியதா? முதல் வகையென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மற்றதென்றால் வேறு கதை.

துணுக்கைப் பிய்க்க வேண்டாம். பழைய செய்தித்தாள் ஈரம் பட்டால் கையோடு வந்துவிடும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் இருட்டு அறையில் தாளுக்குப் பின்னால் டார்ச் அடித்தால், ஒட்டிய பக்கத்தில் அச்சாகியிருப்பது இடவலம் மாறி மங்கலாகத் தெரியும். அங்கே சினிமா விளம்பரம் இருக்கலாம், எந்தத் தியேட்டரில் எத்தனையாவது வாரம் என்று. லாட்டரி முடிவு இருக்கலாம், தங்கத்தின் விலை இருக்கலாம். தங்கம் விலை என்றால் எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள், தேதியை நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன். படம் என்றால் அம்மாவிடமே கேளுங்கள். யாரோடு போய்ப் பார்த்தோம் என்பது உட்பட அவருக்கு நினைவிருக்கும்.