இரண்டும் ஒரே ஜோடிதான்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக்குப் பொன்னிற முதுகுள்ள இரண்டு மரங்கொத்திகள் வருகின்றன. ஒன்றுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. மற்றதற்கு முன்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு. இரண்டும் வேறு வேறு இனமா? மரத்தடியில் கிடந்த கறுப்பு இறகு ஒன்றின் படமும் அனுப்பியிருக்கிறேன். – வாசகி, பொள்ளாச்சி

பதில்: இரண்டும் ஒரே இனம்தான் அம்மா. தலை முழுக்கச் சிவந்தது ஆண், பின்கொண்டை மட்டும் சிவந்தது பெண். பொன்முதுகு மரங்கொத்தி என்போம்.

ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மலை இருப்பதால் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். மலைக்காடுகளிலும் பொன்முதுகுள்ள வேறு மரங்கொத்திகள் உண்டு. அடுத்த முறை தொண்டையைப் பாருங்கள். கறுப்பாக இருந்து, அதில் பொடிப்பொடியாக வெள்ளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பறக்கும்போது வாலுக்குச் சற்று மேலே, இடுப்புப் பகுதி கறுப்பாகத் தெரியும். அங்கே சிவப்பு பளிச்சிட்டால் அது வேறு பறவை.

அந்த இறகு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நுனி கூராகி, ஓரம் தேய்ந்திருக்கிறது பாருங்கள், அது வாலிறகு. தண்டை விரலால் வளைத்தால் மற்ற இறகுகள் போல எளிதில் வளையாது. மரத்தில் வாலை ஊன்றி, அதையே மூன்றாவது கால் போல வைத்துக்கொண்டுதான் இது கொத்துகிறது. அதனால் இறகு உதிரும் காலத்திலும் நடு இறகுகள் இரண்டும் கடைசியில்தான் விழும். பக்கத்து இறகுகள் வளர்ந்து தாங்கும்வரை அவை காத்திருக்கும். நாற்பது வயதுக்கு மேல் இதைத் தெரிந்துகொண்ட நாள், நான் தோப்பை விட்டு வெளியே வரவே இல்லை.

ஊர்ப்பக்கம் பலர் கொண்டலாத்தியையும் மரங்கொத்தி என்றே சொல்வார்கள். விசிறிக் கொண்டையோடு தரையில் குத்தித் தின்பது அது. உங்களுடையது தண்டில் சுற்றிச் சுற்றி ஏறும். ஆள் வந்தால் மறுபக்கம் போய்த் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். கிர்ர்ரென்று கனைப்பது போலக் கத்திவிட்டு, மேலும் கீழுமாக அலையடித்துப் பறந்துபோகும்.

எறும்பும் புழுவும்தான் பெரும்பாலும் இதற்குத் தீனி. அப்புறம், தோப்பில் பட்டுப்போன மொட்டைத் தென்னை இருந்தால், வெட்டுவதற்கு முன் பொந்து இருக்கிறதா என்று ஒருநாள் காலையில் நின்று பாருங்கள். உள்ளே குஞ்சு இருக்கலாம்.